[தீர்ந்தது] சொந்த மெயில் சர்வர்: "ஹெலோ கமாண்ட் ரிஜெக்டெட்" என்று திரும்புகிறது, ஹோஸ்ட்நேமில் என்ன வைக்க வேண்டும்?

அகல்விளக்கு · திங்கள், இரவு 9:14

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவுக்காக ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து மெயில் சர்வர் போட்டிருக்கிறேன். இயங்குதளம் டெபியன், மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தர டொவ்காட். மெயில் உள்ளே வருவதில் ஒரு குறையும் இல்லை. வெளியே போவதில்தான் சிக்கல். சில இடங்களுக்கு உடனே போகிறது, சில இடங்களுக்குப் போகவே இல்லை. போகாதவை உடனே திரும்பி வந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். ஐந்து நாள் கழித்துத்தான் "அனுப்ப முடியவில்லை" என்று திரும்பின. அதற்குள் குழுவில் ஒருவர் அனுப்பிய திருத்தப்படி பதிப்பாளருக்குப் போய்ச் சேராமல் கெடு தாண்டிவிட்டது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

லாகில் (சர்வரின் பதிவேட்டில்) இருப்பது இது:

450 4.7.1 <மெயில்.லோக்கல்டொமைன்>: ஹெலோ கமாண்ட் ரிஜெக்டெட்: ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்

சர்வரில் ஹோஸ்ட்நேம் கட்டளை கொடுத்தால் "மெயில்" என்று மட்டும் வருகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் மைஹோஸ்ட்நேம் என்ற வரியே இல்லை. பழைய சர்வர் ஒன்றிலிருந்து எடுத்துச் சுருக்கிய கோப்பு அது. எங்கள் டொமைனை இங்கே எக்ஸாம்பிள்.காம் என்றே வைத்துக்கொள்வோம். எம்எக்ஸ் ரெக்கார்டு (டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்ற பதிவு) மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்பதைக் காட்டுகிறது. அதன் ஏ ரெக்கார்டு, அதாவது அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி, 203.0.113.25. அனுப்புநர் டொமைனை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் சரியாக இருக்கின்றன என்று சோதனைத் தளங்கள் சொல்கின்றன.

மைஹோஸ்ட்நேம் இடத்தில் எக்ஸாம்பிள்.காம் என்று போட வேண்டுமா, மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று போட வேண்டுமா? தேடிய இடமெல்லாம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்.

---

தபால்பெட்டி · திங்கள், இரவு 9:31

இரண்டு கட்டளைகளின் விடையைப் போடுங்கள். ஒன்று, போஸ்ட்கான்ஃப் மைஹோஸ்ட்நேம். இன்னொன்று, டிக் கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு உங்கள் ஐபிக்குக் கொடுத்தால் வரும் பெயர். அதாவது ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு.

---

அகல்விளக்கு · திங்கள், இரவு 9:40

முதலாவதற்கு மெயில்.லோக்கல்டொமைன் என்று வருகிறது. லோக்கல்டொமைன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

இரண்டாவதற்கு எண்ணும் கோடுமாக ஒரு நீளமான பெயர். விபிஎஸ் கொடுத்த நிறுவனத்தின் டொமைனில் முடிகிறது. டொமைன் வாங்கிய இடத்தில் பிடிஆர் சேர்க்கலாம் என்று பார்த்தேன், அதற்கு வழியே இல்லை.

---

இருபத்தைந்தாம்கதவு · திங்கள், இரவு 10:52

அகல்விளக்கு, உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் விடை: மெயில்.எக்ஸாம்பிள்.காம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்று புரியாமல் போட்டால் நாளைக்கு வேறொரு இடத்தில் இதே சிக்கல் வரும்.

ஹோஸ்ட்நேம் என்பது இயந்திரத்தின் பெயர். மெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் டொமைனின் பெயர் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உங்கள் சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் கொடுக்கப் போகும்போது, 25ஆம் போர்ட்டில் இணைந்ததும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். "ஈஹெலோ மெயில்.எக்ஸாம்பிள்.காம்" என்று (ஹெலோ என்பது இதே கட்டளையின் பழைய வடிவம்). அனுப்புநர் யார், பெறுநர் யார் என்பதெல்லாம் அப்புறம். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்தின் கையில் இரண்டே தகவல்கள்தான் இருக்கும்: எந்த ஐபியிலிருந்து வந்திருக்கிறீர்கள், என்ன பெயர் சொல்கிறீர்கள். ஐபியில் பொய் சொல்லி ஒரு முழு உரையாடலை நடத்துவது மிகக் கடினம். பெயரில் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். அதனால் எதிர்ப்பக்கம், பெயர்களையும் ஐபிகளையும் இணைத்துவைக்கும் டிஎன்எஸ்ஸில் போய் விசாரிக்கிறது. இந்த ஐபிக்கு என்ன பெயர்? அந்தப் பெயர் திரும்ப இதே ஐபிக்கு வருகிறதா? இவர் வாயால் சொன்ன பெயர் டிஎன்எஸ்ஸில் இருக்கிறதா?

உங்கள் சர்வர் இப்போது சொல்லும் மெயில்.லோக்கல்டொமைன் உலகத்தில் எங்கேயும் இல்லை. நீங்கள் எழுதாமல் அது எப்படி வந்தது என்றால், மைஹோஸ்ட்நேம் வரி இல்லாதபோது போஸ்ட்ஃபிக்ஸ் இயந்திரத்திடம் பெயர் கேட்கும். இயந்திரம் "மெயில்" என்று மொட்டையாகச் சொன்னால், மைடொமைன் மதிப்பை அதன் பின்னால் ஒட்டும். அதையும் நீங்கள் கொடுக்காததால் இயல்பாக இருக்கும் லோக்கல்டொமைன் வந்து ஒட்டிக்கொண்டது. 2.3 பதிப்பிலிருந்து இப்படித்தான்.

ஐந்து நாள் தாமதத்துக்கும் காரணம் இருக்கிறது. 450 என்பது தற்காலிக மறுப்பு. 4இல் தொடங்கும் எண் வந்தால் "பிறகு வா" என்று பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மெயிலைக் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். இயல்பாக ஐந்து நாள் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். இடையில் அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. டிலேவார்னிங்டைம் என்ற அமைப்பு இயல்பாகப் பூஜ்யத்தில் இருப்பதே காரணம். அதை 4 மணி நேரம் என்று மாற்றுங்கள். அனுப்பிய மெயில் நான்கு மணி நேரமாகப் போகாவிட்டால் உங்கள் ஆட்களுக்கு ஓர் அறிவிப்பு வரும். பதிப்பாளர் விஷயத்தில் நடந்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது.

முதலில் இயந்திரம். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் செட்-ஹோஸ்ட்நேம் கொடுத்து மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று வையுங்கள். அதில் குட்டிப் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், முழுப்பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து வர வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இரண்டு வழியும் ஓடும். மெயில் வேலைக்கு மட்டுமே உள்ள இயந்திரத்தில் நான் முழுப்பெயரையே வைக்கிறேன். அடுத்து ஹோஸ்ட்ஸ் கோப்பு. 127.0.1.1 வரியில் முழுப்பெயர் முதலில், குட்டிப் பெயர் பின்னால்:

127.0.1.1 மெயில்.எக்ஸாம்பிள்.காம் மெயில்

இந்த வரிசை முக்கியம். தலைகீழாகப் போட்டால் எஃப் விருப்பத்தோடு ஹோஸ்ட்நேம் கட்டளை கொடுக்கும்போது மறுபடியும் மொட்டைப் பெயர்தான் வரும்.

பிறகு மெயின்.சிஎஃப்பில் மைஹோஸ்ட்நேம் = மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இயந்திரத்தின் பெயர் சரியாக இருந்தாலும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது இயந்திரத்தின் பெயரை மாற்றினால் மெயில் அதோடு சேர்ந்து ஆடக் கூடாது. எஸ்எம்டிபி ஹெலோ நேம், பேனர் இரண்டும் மைஹோஸ்ட்நேமிலிருந்தே மதிப்பை எடுத்துக்கொள்ளும், அவற்றைத் தனியாகத் தொட வேண்டாம்.

கடைசியாக பிடிஆர். அது டொமைன் வாங்கிய இடத்தில் இருக்காது. டொமைன் உங்களுடையது, ஐபி உங்களுடையது அல்ல. அந்த ஐபித் தொகுதி யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் அதன் தலைகீழ் மண்டலத்தை வைத்திருப்பார்கள். விபிஎஸ் கட்டுப்பாட்டுப் பலகையில் "ரிவர்ஸ் டிஎன்எஸ்" என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். முதலில் ஏ ரெக்கார்டு சரியாக இருக்கட்டும், அதன்பின் பிடிஆர் கேளுங்கள். முன்னோக்கிய பெயர் பொருந்தாவிட்டால் சில இடங்களில் பிடிஆர் வைக்கவே விடமாட்டார்கள்.

---

நுனிவேர் · செவ்வாய், காலை 7:05

ஒரு மாற்றுக் கருத்து. எட்டு வருடமாக நான் வெறும் டொமைனையே ஹோஸ்ட்நேமாக வைத்திருக்கிறேன். ஒரு மெயிலும் இதனால் திரும்பியதில்லை. பிடிஆரும் வெறும் டொமைன்தான். "மெயில்." என்று முன்னால் சேர்க்க வேண்டும் என்று எந்த ஆர்எஃப்சியும் (இணைய நெறிமுறை ஆவணம்) சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்எஃப்சி 5321 தெளிவாகச் சொல்கிறது: ஈஹெலோவில் சொன்ன பெயர் ஐபியோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம், ஆனால் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மெயிலை மறுக்கக் கூடாது. அப்படியிருக்க இவருடைய மெயிலை மறுக்கும் சர்வர்கள்தானே விதியை மீறுகின்றன? சின்ன சர்வர் வைத்திருப்பவர்கள் மீது சுமையை ஏற்றிக்கொண்டே போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

---

இருபத்தைந்தாம்கதவு · செவ்வாய், காலை 8:20

நுனிவேர், நீங்கள் சொன்ன விதி அந்த ஆவணத்தின் 4.1.4 பகுதியில் இருக்கிறது, சரிதான். ஆனால் அதே ஆவணம் இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஈஹெலோவில் சொல்லும் பெயர் நேரடியாக ஒரு முகவரிக்குப் போகும் பெயராக இருக்க வேண்டும். பெயரே இல்லாத இயந்திரம் என்றால் ஐபியைச் சதுர அடைப்புக்குள் சொல்ல வேண்டும். மெயில்.லோக்கல்டொமைன் முகவரிக்குப் போவதே இல்லை. ஆக இங்கே முதலில் விதியை மீறியது அகல்விளக்கின் சர்வர்தான். இரண்டாவது, 7.9 பகுதி. ஒரு தளம் தனக்கு நியாயமாகப் படும் நடைமுறைக் காரணத்துக்காகவோ தொழில்நுட்பக் காரணத்துக்காகவோ மெயிலை மறுக்கலாம் என்பது நெடுநாளாக நிலைத்த வழக்கம் என்று அது ஒப்புக்கொள்கிறது.

சுமை பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட சுமை நியாயமானது என்றே நினைக்கிறேன். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் ஸ்பேம் அனுப்பும்போது பெரும்பாலும் ஏதோ வாய்க்கு வந்த பெயரைத்தான் சொல்லும். பிடிஆரை அவற்றால் மாற்ற முடியாது. ஒரு சர்வரை உட்கார்ந்து ஒழுங்காக அமைத்தவரையும், தன்னை அறியாமல் ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருக்கும் கணினியையும் பிரித்துக் காட்டும் செலவில்லாத அடையாளம் இது. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்குமே முன்னும் பின்னும் பொருந்தும் டிஎன்எஸ் வேண்டும் என்று எழுத்தில் வைத்துவிட்டது. மொத்தமாக அனுப்புபவர்களுக்கு மட்டும் அல்ல.

வெறும் டொமைன் பற்றி: உங்களுக்கு ஓடுகிறது, ஏனென்றால் உங்கள் இணையதளமும் மெயிலும் ஒரே இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படியா?

---

நுனிவேர் · செவ்வாய், காலை 8:41

ஆமாம், ஒரே இயந்திரம்.

---

இருபத்தைந்தாம்கதவு · செவ்வாய், காலை 9:10

அப்படியென்றால் உங்கள் டொமைனின் ஏ ரெக்கார்டும் மெயில் போகும் ஐபியும் ஒன்று. மூன்றும் பொருந்துகின்றன. தவறே இல்லை. இணையதளத்தை வேறு இடத்துக்கு மாற்றும் அன்றைக்கு ஏ ரெக்கார்டு அங்கே போய்விடும், உங்கள் மெயில் சர்வர் சொல்லும் பெயர் வேறொரு இயந்திரத்தைக் காட்டும். தளத்துக்கு முன்னால் இடையாளாக நிற்கும் ஒரு ப்ராக்ஸி சேவையை வைத்தாலும் இதே கதைதான். அப்போது அந்தப் பெயர் ப்ராக்ஸியின் ஐபிக்குப் போகும்.

இன்னொரு இடத்திலும் இடிக்கும். எந்தெந்தப் பெயர்களின் மெயிலை உள்ளூர்ப் பயனர்களுக்கு என்று எடுத்துக்கொள்வது என்று சொல்லும் போஸ்ட்ஃபிக்ஸின் மைடெஸ்டினேஷன் பட்டியலில் மைஹோஸ்ட்நேம் இயல்பாகவே உண்டு. ஹோஸ்ட்நேமாக வெறும் டொமைனை வைத்துவிட்டு, அதே டொமைனை விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்களிலும் (இயந்திரத்தில் பயனர் கணக்கு இல்லாதவர்களின் பெட்டிகளுக்கான பட்டியல்) சேர்த்தால், "இரண்டிலும் போடாதே" என்று லாகில் எச்சரிக்கை வரும். டொமைனுக்கு வரும் மெயிலை இயந்திரத்தின் உள்ளூர்ப் பயனர்களிடம் தேடிப் பார்த்துவிட்டு "அப்படி ஒருவர் இல்லை" என்று திருப்பிவிடும். இதை நான் ஒரு முழு இரவு தேடியிருக்கிறேன். டொவ்காட்டைப் பிரித்துப் போட்டேன், தரவுத்தளத்தை இரண்டு முறை சோதித்தேன், கடைசியில் காரணம் இந்த ஒரு வரிதான்.

---

நுனிவேர் · செவ்வாய், காலை 9:26

அந்த எச்சரிக்கை என் லாகிலும் ஒரு காலத்தில் வந்தது. மைடெஸ்டினேஷனிலிருந்து டொமைனை எடுத்துவிட்டேன், ஆனால் காரணம் இப்போதுதான் புரிகிறது. நன்றி. மறுக்கும் சர்வர்கள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் புதிதாக அமைப்பவர் தனிப்பெயர் வைப்பதே நல்லது என்பதை ஏற்கிறேன்.

---

தபால்பெட்டி · செவ்வாய், காலை 10:02

பெயர் தேர்ந்தெடுக்கும்போது சின்னச் சின்ன விஷயங்கள்: அடிக்கோடு கூடாது, எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டும். அந்தப் பெயருக்கு சிநேம் ரெக்கார்டு (வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) வைக்காதீர்கள், நேரடியாக ஏ ரெக்கார்டு வையுங்கள். எம்எக்ஸ் காட்டும் பெயர் சிநேமாக இருக்கக் கூடாது என்பது ஆர்எஃப்சி 2181இலேயே இருக்கிறது. டிஎன்எஸ் பலகையில் ப்ராக்ஸி பொத்தான் இருந்தால் இந்தப் பெயருக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரு ஐபிக்கு ஒரே ஒரு பிடிஆர் போதும்.

---

அகல்விளக்கு · செவ்வாய், மாலை 6:48

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். பிடிஆர் விபிஎஸ் பலகையில் "நெட்வொர்க்" பகுதிக்குள் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டது. க்யூவில் தேங்கியிருந்த மெயில்களைத் தள்ளிவிட்டதும் ஏழில் ஆறு உடனே போயின.

என் ஜிமெயில் கணக்குக்கு ஒன்று அனுப்பி, மூலத்தைத் திறந்து பார்த்தேன். இந்த வரி இருக்கிறது:

ரிசீவ்ட்: ஃப்ரம் மெயில்.எக்ஸாம்பிள்.காம் (மெயில்.எக்ஸாம்பிள்.காம். [203.0.113.25])

ஏன் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது?

---

இருபத்தைந்தாம்கதவு · செவ்வாய், மாலை 7:15

நீங்கள் பார்க்க வேண்டிய வரியே அதுதான். அடைப்புக்கு வெளியே இருப்பது உங்கள் சர்வர் தன் வாயால் சொன்ன பெயர். அடைப்புக்குள் இருப்பது உங்கள் ஐபியைக் கேட்டபோது டிஎன்எஸ் சொன்ன பெயர், கடைசியில் ஒரு புள்ளியோடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. நேற்று இதே வரியில் வெளியே மெயில்.லோக்கல்டொமைன் என்றும், உள்ளே விபிஎஸ் நிறுவனத்தின் நீளப் பெயரும் இருந்திருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் வேறொரு சர்வருக்கு அனுப்பி அங்கே லாக் பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிடிஆரும் ஏ ரெக்கார்டும் ஒன்றையொன்று உறுதிசெய்யாவிட்டால் அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அன்நோன்" என்று விழும்.

---

அகல்விளக்கு · வியாழன், காலை 11:33

முடிந்துவிட்டது என்று நினைத்தேன், இல்லை. ஒரே பெரிய அஞ்சல் சேவைக்கு அனுப்பும் மெயில்களில் சில போகின்றன, சில திரும்புகின்றன. இந்த முறை தற்காலிக மறுப்பு இல்லை, நேரடியாக 550 5.7.25. "அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் இல்லை, அல்லது பெயர் அந்த ஐபிக்குத் திரும்பவில்லை" என்ற பொருளில் செய்தி. பிடிஆரை இப்போதுகூடப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. காலையில் போன அதே பெறுநருக்கு மதியம் திரும்புகிறது. குழுவில் என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்குத் தூக்கமே இல்லை.

---

தபால்பெட்டி · வியாழன், காலை 11:50

திரும்பிய மெயிலின் லாகில் உங்கள் பக்கத்து ஐபி எது என்று பாருங்கள். 203 என்று ஆரம்பிக்கிறதா, இல்லை முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருக்கிறதா?

---

அகல்விளக்கு · வியாழன், மதியம் 12:04

திரும்பிய எல்லாவற்றிலும் முக்காற்புள்ளி! போனவற்றில் 203. சர்வருக்கு ஐபிவி6 (புதிய வகை நீள ஐபி முகவரி) இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

---

தபால்பெட்டி · வியாழன், மதியம் 12:30

அதேதான். இப்போது வாடகைக்குக் கிடைக்கும் பெரும்பாலான இயந்திரங்களில் ஐபிவி6 தானாகவே வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலும் அது இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஐபிவி4க்கு மட்டும்தான் பிடிஆர் வைத்தீர்கள். உங்கள் சர்வருக்கு இரண்டு முகவரி, அதில் ஒன்றுக்குத்தான் பெயர் இருக்கிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐபிவி6ஐயும் ஒழுங்காக அமைப்பது: மெயில்.எக்ஸாம்பிள்.காமுக்கு ஒரு குவாட் ஏ ரெக்கார்டு (ஐபிவி6க்கான ஏ ரெக்கார்டு), அந்த முகவரிக்கு அதே பெயரில் பிடிஆர், எஸ்பிஎஃப்பிலும் அது அடங்க வேண்டும். எஸ்பிஎஃப்பில் ஐபி4 என்று எண்ணை மட்டும் எழுதியிருந்தால் ஐபிவி6 வழியாகப் போகும் மெயில் அங்கேயும் தோற்கும். "எம்எக்ஸ்" என்று எழுதியிருந்தால் குவாட் ஏ சேர்த்ததும் தானாக அடங்கிவிடும். இரண்டு, இப்போதைக்கு மெயின்.சிஎஃப்பில் ஐநெட் ப்ரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று போட்டு போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்குவது. இந்த அமைப்புக்கு ரீலோடு போதாது, நிறுத்தித்தான் தொடங்க வேண்டும்.

ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால் இன்றைக்கு இரண்டாவதைச் செய்யுங்கள், முதலாவதை ஆறுதலாகச் செய்யலாம். இது உங்கள் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரைக்கும் முதல் முறை அமைப்பவர்களில் பலர் இதே இடத்தில்தான் தடுக்கினார்கள். ஐபிவி4ஐ மட்டும் வைத்து எழுதிய வழிகாட்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

---

கொள்கலன் · வியாழன், மதியம் 2:17

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இதே வகை. டாக்கரில், அதாவது இயந்திரத்துக்குள் தனியாக ஓடும் ஒரு கன்டெய்னரில், மெயில் சர்வர் ஓடுகிறது. ஹோஸ்ட் இயந்திரத்தில் பெயர் சரி, பிடிஆர் சரி. ஆனால் வெளியே போகும் மெயிலின் ரிசீவ்ட் வரியில் எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு குறிகள் வருகின்றன. ஒவ்வொரு முறை கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதும் அது மாறுகிறது.

---

இருபத்தைந்தாம்கதவு · வியாழன், மாலை 4:40

அது உங்கள் கன்டெய்னரின் அடையாள எண். கன்டெய்னருக்குத் தனிப் பெயர் உண்டு, வெளியே உள்ள இயந்திரத்தின் பெயர் உள்ளே தெரியாது. நீங்கள் கொடுக்காவிட்டால் டாக்கர் கன்டெய்னரின் அடையாள எண்ணையே பெயராக வைத்துவிடும். டாக்கரின் கம்போஸ் (அமைப்பு) கோப்பில் அந்தச் சேவைக்குக் கீழே ஹோஸ்ட்நேம் என்ற வரியில் முழுப்பெயரைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் எடுக்காது, கன்டெய்னரை மீண்டும் உருவாக்க வேண்டும். டாக்கரில் ஓடும் மெயில் சர்வர் தொகுப்பான மெயில்கவ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் கான்ஃப் கோப்பில் மெயில்கவ் ஹோஸ்ட்நேம் என்ற மாறி இருக்கும், அதில்தான் மாற்ற வேண்டும்.

---

கொள்கலன் · வியாழன், மாலை 5:02

கம்போஸ் கோப்பில் சேர்த்தேன், சரியாகிவிட்டது. மிக்க நன்றி ஐயா.

---

கிளைநதி · வியாழன், இரவு 8:30

இழை முழுக்கப் படித்தேன். ஒரே சர்வரில் மூன்று டொமைன்களுக்கு மெயில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டொமைனிலிருந்தும் அனுப்பும்போது அந்தந்த டொமைனின் பெயரை ஹெலோவில் சொல்ல வேண்டாமா? பெறுபவர் "இவர் வேறு டொமைன்காரர்" என்று சந்தேகப்பட மாட்டாரா?

---

இருபத்தைந்தாம்கதவு · வியாழன், இரவு 9:18

வேண்டாம், கிளைநதி. இயந்திரம் ஒன்று, ஐபி ஒன்று, பிடிஆர் ஒன்று. ஆகவே ஹெலோவிலும் ஒரே பெயர்தான். மூன்று டொமைன்களின் எம்எக்ஸ்ஸும் அந்த ஒரே பெயரைக் காட்டட்டும். பெரிய அஞ்சல் சேவைகளில் ஆயிரக்கணக்கான டொமைன்களின் மெயில் ஒரே பெயருள்ள சர்வர்கள் வழியாகத்தான் போகிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை.

அனுப்புநர் டொமைன் உண்மையானதா என்பதைப் பார்ப்பது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றின் வேலை. அவற்றை மூன்று டொமைன்களுக்கும் தனித்தனியாக வையுங்கள். டிமார்க் பொருத்திப் பார்ப்பது ஃப்ரம் வரியில் உள்ள டொமைனை, ஹோஸ்ட்நேமை அல்ல.

உங்கள் பயனர்கள் கைபேசியில் கணக்கு அமைக்கும்போது சர்வர் பெயராக என்ன எழுதுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அவர்கள் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று டொமைன்காரர்களுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால் ஒரே சான்றிதழ் போதும். ஆளுக்கொரு பெயர் கொடுத்தால் எல்லாப் பெயர்களையும் சான்றிதழில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அகல்விளக்குக்கும் பயன்படும். மெயில் திரும்பி வரும்போது உங்கள் சர்வர் அனுப்பும் அந்த அறிவிப்புக் கடிதத்துக்கு உறையில் அனுப்புநர் முகவரி கிடையாது, வெறுமையாக இருக்கும். அப்போது எஸ்பிஎஃப் சோதிக்க டொமைன் ஏது? ஹெலோவில் சொன்ன பெயரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆர்எஃப்சி 7208 அப்படித்தான் சொல்கிறது. அதனால் ஹோஸ்ட்நேமுக்கும் ஒரு சிறிய எஸ்பிஎஃப் ரெக்கார்டு வையுங்கள். மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு, அதற்குள் எஸ்பிஎஃப்பின் பதிப்பு, "ஏ", பிறகு கழித்தல் குறியோடு "ஆல்". இந்தப் பெயரின் முகவரியிலிருந்து மட்டுமே இந்தப் பெயரைச் சொல்லலாம் என்று அதற்குப் பொருள். வேறு யாராவது உங்கள் சர்வரின் பெயரை ஹெலோவில் சொல்லிக்கொண்டு வந்தாலும் இது காட்டிக்கொடுக்கும்.

---

அகல்விளக்கு · ஞாயிறு, காலை 10:26

நேற்று ஐபிவி6 பிடிஆரும் குவாட் ஏவும் வைத்தேன், எஸ்பிஎஃப் ரெக்கார்டும் சேர்த்தேன். கர்னல் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்தேன். வந்து பார்த்தால் இயந்திரத்தின் பெயர் பழையபடி "மெயில்"! ஹோஸ்ட்ஸ் கோப்பில் நான் எழுதிய வரியும் போய்விட்டது. மைஹோஸ்ட்நேமை வெளிப்படையாக எழுதச் சொன்னீர்கள், அதனால் மெயில் தப்பித்தது. இதை யார் மாற்றுகிறார்கள்?

---

தபால்பெட்டி · ஞாயிறு, காலை 10:55

க்ளவுட்-இனிட், விபிஎஸ்ஸைத் தொடங்கும்போது தானாக அமைக்கும் நிரல். விபிஎஸ் உருவானபோது நீங்கள் பலகையில் கொடுத்த பெயரை அது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் திரும்ப எழுதுகிறது. க்ளவுட்.சிஎஃப்ஜி கோப்பில் ப்ரிசர்வ் ஹோஸ்ட்நேம் என்பதை ட்ரூ என்று மாற்றுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடுவது மேனேஜ் எட்ஸி ஹோஸ்ட்ஸ் என்ற இன்னொரு அமைப்பு, அதை ஃபால்ஸ் என்று வையுங்கள். அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பின் தலைப்பிலேயே இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கும், பாருங்கள்.

பிறகு பெயரைத் திரும்ப வைத்துவிட்டு, இன்னொரு முறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.

---

அகல்விளக்கு · ஞாயிறு, இரவு 9:03

குறிப்பு இருந்தது. மாற்றி, இரண்டு முறை ரீபூட் செய்தேன். பெயர் நிலைத்துவிட்டது. ஐபிவி4 வழியாக ஒன்று, ஐபிவி6 வழியாக ஒன்று என்று இரண்டு சோதனை மெயில் அனுப்பினேன். இரண்டின் ரிசீவ்ட் வரியிலும் வெளியேயும் உள்ளேயும் ஒரே பெயர்.

டிலேவார்னிங்டைமும் 4 மணி நேரத்துக்கு மாற்றியாயிற்று. பதிப்பாளருக்குத் திருத்தப்படியை இன்று மாலை மறுபடி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் "கிடைத்தது, நன்றி" என்று பதில் வந்தது. அதை அப்படியே குழுவுக்கு அனுப்பிவைத்தேன். எங்கள் பன்னிரண்டு பேர் சார்பிலும் எல்லோருக்கும் நன்றி.

இப்போது க்யூவைப் பார்த்தேன்: "மெயில் க்யூ இஸ் எம்ப்டி." தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிடுகிறேன்.